ஆரஞ்சு என்றால் என் தம்பிக்கு என்ன? டெல்டா மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

2018 நவம்பர் 15, வியாழக்கிழமை. இரவு ஏழரை மணி இருக்கும். கஜா புயல் நாகப்பட்டினத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. வானிலை மையத்தில், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியாகும் புயல் அறிக்கையின் அடுத்த நகலைத் திருத்திக்கொண்டிருந்தேன். அறைக்கு வெளியே பத்துப் பதினைந்து மைக்குகள் காத்துக் கிடந்தன. அந்த நேரம் பார்த்துத் தம்பி போன் செய்தான்.

"அக்கா, டிவியில நாகப்பட்டினம், வேதாரண்யம்னுதான் ஓடிக்கிட்டிருக்கு. நமக்கு மழை மட்டுந்தானே?"

தம்பி இருப்பது பட்டுக்கோட்டைக்கு மேற்கே, புது ஆற்றுப் பாசனத்தில். இரண்டு ஏக்கர் தென்னை, கொஞ்சம் நஞ்சை, ஒரு கறவை மாடு, ஒரு கன்று. வேதாரண்யத்திலிருந்து பார்த்தால் அறுபது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே. "எல்லாரும் வீட்டுக்குள்ளயே இருங்க, விடியறவரைக்கும் வெளிய வராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். மொத்தம் இருபது நொடி பேசியிருப்பேன்.

அவன் என் பேச்சைத் தட்டவில்லை. மனிதர்கள் எல்லாரும் வீட்டுக்குள் இருந்தார்கள். மாட்டுக் கொட்டகை கீற்றுக் கொட்டகை, காற்றில் மேலே விழுந்துவிடுமோ என்று பயந்து மாட்டையும் கன்றையும் கொண்டுபோய்த் தோப்பில் ஒரு நல்ல தென்னை மரத்தில் கட்டியிருக்கிறான். விடிகாலையில் வடக்கேயிருந்து அடித்த காற்று ஒரு கட்டத்தில் சுவிட்சை அணைத்தாற்போல நின்றது. புயல் ஓய்ந்துவிட்டது என்று டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போயிருக்கிறான். மாடு நின்றிருக்கிறது. தடவிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வாசலில் கால் வைக்கும்போது தெற்கேயிருந்து அடுத்த காற்று தொடங்கியது. ஒரு பக்கம் வளைந்து வேர் தளர்ந்திருந்த மரங்களை அது எதிர்ப்பக்கம் இழுத்தது. நூற்றைம்பது மரத்தில் விடிந்ததும் நின்றவை பதினெட்டு. கன்று பிழைத்துக்கொண்டது.

புயலின் நடுப்பகுதி கடக்கும்போது காற்று நின்று, பிறகு திசை மாறி அடிக்கும் என்பது எங்கள் துறையில் முதல் வாரமே படிக்கும் பாடம். முப்பது வருடம் அந்த வேலையைப் பார்த்தவளின் கூடப் பிறந்தவனுக்கு அது தெரிந்திருக்கவில்லை. அவன் காற்றைப் பற்றிக் கேட்டான், நான் வீட்டைப் பற்றிப் பதில் சொன்னேன். அந்த இருபது நொடிக் கணக்கு எனக்குள் இன்னும் முடியவில்லை. இந்த மடலே அதன் மிச்சம்தான்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறந்தது பட்டுக்கோட்டைப் பக்கம், வாழ்க்கைப்பட்டது திருத்துறைப்பூண்டிப் பக்கம், பிழைத்தது நகரத்தில். ஒரு வானிலை மையத்தில் கடும் வானிலை முன்கணிப்புக் குழுவுக்குக் கடைசிச் சில ஆண்டுகள் தலைமை வகித்து 2022-இல் ஓய்வு பெற்றேன். இப்போது ஊரில் இருக்கிறேன். கொல்லைப்புறத்தில் ஒரு மழைமானி வைத்துத் தினமும் காலை எட்டரைக்கு அளந்து நோட்டில் எழுதுகிறேன். பழக்கம் விடவில்லை. எங்கள் கணக்கில் ஒரு நாள் என்பது காலை எட்டரை தொடங்கி மறுநாள் காலை எட்டரை வரை. "நேத்து ராத்திரி கொட்டுன மழைய ஏன் இன்னைக்குக் கணக்குல சேக்குறாங்க" என்று ஊரில் கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

அன்றிரவு எங்கள் கணிப்பில் பெரிய பிழை இருக்கவில்லை. நவம்பர் 16 நள்ளிரவு தாண்டி, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையேறியது. இதைச் சொல்லி நான் ஊரில் யாரையும் சமாதானப்படுத்த முயன்றதில்லை. வாழ்நாள் சேமிப்பாக நின்ற தோப்பு தரையில் கிடக்கும்போது, 'கணிப்பு சரி' என்று சொல்லிக்கொண்டு ஒருத்தி வந்தால் என்ன மரியாதை கிடைக்கும்?

உங்கள் மேசைக்கு வரும் புயல் அறிக்கைகள் நான்கு கட்டமாக வரும். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் நான்காவதைப் பற்றிப் பேச இதைச் சொல்லியாக வேண்டும். 72 மணி நேரத்துக்கு முன் வருவது முதல் கட்டம், 48 மணி நேரத்துக்கு முன் இரண்டாவது, 24 மணி நேரத்துக்கு முன் மூன்றாவது. நான்காவது, கரையேற 12 மணி நேரம் இருக்கும்போது, கரையைக் கடந்த பிறகு உள்பகுதிகளில் என்ன நடக்கும் என்பதற்காகவே எழுதப்படுவது. அதற்குத்தான் சிவப்பு நிறம். ஆனால் தொலைக்காட்சிக்கு அதற்குள் கடற்கரை கிடைத்துவிடும். அலைக்கு முதுகைக் காட்டி நிற்கும் நிருபர், ஆடும் படகு, துறைமுகத்தில் ஏற்றிய கூண்டு எண். கூண்டு கப்பல்காரர்களுக்கானது, பேராவூரணியில் தென்னை வைத்திருப்பவருக்கு அதில் ஒன்றும் இல்லை. நான்காம் கட்ட அறிக்கை யாருக்காக எழுதப்பட்டதோ அவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை.

கஜாவில் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி, அதற்கும் அப்பால் புதுக்கோட்டை மாவட்டம் வரை லட்சக்கணக்கில் தென்னை சாய்ந்தது அதிசயமே இல்லை. 1977 நவம்பர் 12 காலை நாகைக்குச் சற்றுத் தெற்கே கரையேறிய புயலில் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் மணிக்கு 120 கிலோமீட்டர் அளவுக்குக் காற்று வீசியது. டெல்டா தட்டை நிலம். காற்றைத் தடுத்து உடைக்க மலை இல்லை, காடும் இல்லை. கடலிலிருந்து உள்ளே வரும் காற்றுக்கு இங்கே வேகத்தடை கிடையாது. எங்கள் அப்பா தலைமுறைக்கு அது நினைவிருந்தது. நாற்பது வருடம் இடைவெளி விழுந்ததில் புயல் என்றால் கடற்கரைக்காரர்களின் துன்பம் என்று ஆகிவிட்டது.

இரண்டாம் கட்ட அறிக்கைக்கும் கரையேறுவதற்கும் நடுவே இரண்டு நாள் இருக்கிறது. முற்றிய காய்களை இறக்கி, காய்ந்த மட்டையைக் கழித்துத் தென்னையின் தலைப்பாரத்தைக் குறைக்க அது போதும். மரமேறும் ஆள் கிடைப்பதுதான் திண்டாட்டம், ஆனால் இரண்டு நாளில் தேடிப் பிடித்துவிடலாம். அதே செய்தி கடைசி நாள் மாலை வந்தால் என்ன செய்ய?

இனிச் சொல்லப்போவது காற்றைவிட எனக்கு முக்கியமானது. எல்லாரும் கேட்கும் கேள்வி, "எங்கே கரையைக் கடக்கும்?" நான் தலைமை வகித்த காலம் முழுக்க, மைக்கைக் கண்டால் இந்தக் கேள்விதான். கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்திலிருந்து கோடியக்கரை வரை நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். ஒரு நாள் முன்பு புயலின் நடுப்புள்ளி இருக்கும் இடத்தைக் குறிப்பதில் சராசரிப் பிழை நூறு கிலோமீட்டருக்குள் இப்போதுதான் சில ஆண்டுகளாக வந்திருக்கிறது. அதாவது எங்கள் பென்சில் முனையே டெல்டா அளவுக்குத் தடிமன். அதைக் கொண்டு நாகையா, வேதாரண்யமா, தரங்கம்பாடியா என்று முதல் நாளே கோடு கிழிக்கச் சொல்வது, வெற்றிலைக் கணுவில் முகவரி எழுதச் சொல்வது போல.

கரையேறும் இடம் தெரிந்தாலும் மழைக்குப் பெரிதாக உதவாது. 2008 நவம்பர் இறுதியில் நிஷா காரைக்கால் பக்கம் கரையேறியது. காற்றளவில் அது சாதாரணப் புயல், 'தீவிர' என்ற அடைமொழிகூடக் கிடையாது. கடலே பார்த்திராத ஒரத்தநாட்டில் ஒரே நாளில் ஏறத்தாழ 66 செ.மீ. கொட்டியது. 2020 டிசம்பரில் புரெவி மன்னார் வளைகுடாவில் இராமநாதபுரத்துக்குப் பக்கத்தில் நகராமல் படுத்துக்கொண்டது. கேமராக்கள் எல்லாம் பாம்பனில் நிற்க, மழை கொள்ளிடத்திலும் சிதம்பரத்திலும் 30 செ.மீ.யைத் தாண்டியது. அந்த இரண்டு இரவும் நான் பணியில் இருந்தேன். வரைபடத்தில் என் விரல் பாம்பன்மேல் இருந்தது, ரேடார் திரையில் சிவப்பு முழுக்க வடக்கே இருந்தது.

2022 நவம்பர் 11 இரவு சீர்காழியில் 44 செ.மீ. அதற்குப் பெயரே வைக்கவில்லை. வெறும் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, புயலும் இல்லை, புயலாக மாறப்போவதும் இல்லை. பெயர் இல்லாததைப் பற்றி ஊர் பயப்படுவதில்லை. ஒரு மா நிலத்தில், அதாவது ஏக்கரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில், 10 செ.மீ. மழை என்றால் சுமார் 1,35,000 லிட்டர், பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் பதினொரு லாரித் தண்ணீர். சீர்காழிக்கு அன்று மாவுக்கு நாற்பத்தொன்பது லாரி. இளஞ்சம்பாப் பயிர் கண்ணுக்கே தெரியாமல் அமிழ்ந்து கிடந்ததை நீங்களும் படகில் போய்ப் பார்த்திருப்பீர்கள், அல்லது உங்களுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் பார்த்திருப்பார்.

இப்போது மழை எச்சரிக்கையின் நிறங்களுக்கு வருகிறேன்.

பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. அதற்கு மேல் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ.க்கு மேல் பெய்தால் கனமழை. 115.6-இலிருந்து மிகக் கனமழை. 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. பெரும்பாலும் இந்த வாசல்களைத் தாண்டும்போதுதான் நிறம் ஏறும். இந்த அளவுகள் நாடு முழுவதுக்கும் ஒன்று, வருடம் முழுவதுக்கும் ஒன்று. நெல்லுக்குத் தெரிந்த அளவுகள் வேறு.

2023 பிப்ரவரி முதல் வாரம். நான் ஓய்வு பெற்று ஊருக்கு வந்த முதல் தை. "கர்ணனுக்குப் பின் கொடையில்லை, கார்த்திகைக்குப் பின் மழையில்லை" என்று சொல்லி வளர்ந்த ஊரில், இலங்கைப் பக்கம் கரையேறிய ஒரு தாழ்வு மண்டலத்தால் மழை பிடித்துக்கொண்டது. 2021 ஜனவரியிலும் இப்படித்தான் ஆனது. எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கொள்முதல் நிலையத்தில் தம்பியின் மச்சினர் நெல்லைக் கொட்டிவிட்டு ஐந்து நாளாக முறைக்குக் காத்திருந்தார். சாப்பாடு எடுத்துக்கொண்டு நானும் போனேன். களத்தில் தார்ப்பாய் பற்றவில்லை. இரண்டு தார்ப்பாயை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி மடித்து, மேலே செங்கல் வைத்து, ஓரத்தில் மண் அணைத்து வைத்திருந்தார். மழை மேலேயிருந்து உள்ளே போகவில்லை, தரையில் ஓடி அடியில் புகுந்தது. மறுநாள் தார்ப்பாயைத் தூக்கினால் குவியலின் அடியிலிருந்து ஆவி வந்தது. கையை விட்டால் வெதுவெதுப்பு. நெல்லை அள்ளி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஒவ்வொரு மணியின் முனையிலும் ஊசி நுனி அளவு வெள்ளை. முளை.

"நீங்க ஆபீசுல இருக்கும்போது இதுக்கு என்ன கலர் குடுப்பீங்க அத்தை?" என்று அவருடைய மகன் கேட்டான். குத்திக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. என் மழைமானியில் அன்று காலை 38 மி.மீ. எங்கள் புத்தகத்தில் அது மிதமான மழை. 15.6-இலிருந்து 64.4 வரை மிதம்தான். அந்த அளவுக்கு எச்சரிக்கை நிறமே கிடையாது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிய நெல்லுக்குத் தளர்வு கேட்டு டெல்லிக்குக் கடிதம் போகும், குழு வரும், மாதிரி எடுக்கும். அதற்குள் அந்த ஊசிமுனை நாற்றாகிவிடும்.

ஐப்பசித் தொடக்கத்தில் அதே 38 மி.மீ. பெய்திருந்தால் ஊரே கும்பிட்டிருக்கும். ஆற்றுத் தண்ணீர் எட்டாத கடைமடையில் நேரடி விதைப்பு முளைத்து எழுந்திருக்கும். கார்த்திகையில் பயிர் தூர் கட்டி நிற்கும்போது அந்த மழையைத் தாங்கிக்கொள்ளும், வடிகால் ஓடினால். அதே மழை கதிர் வெளிவந்து பூக்கும் நாளில் விழுந்தால் மணி பதராகும். ஒரே அளவு, ஒரே நிறம், நான்கு மாதத்தில் நான்கு பொருள். இதை வானிலை மையத்தில் உட்கார்ந்திருப்பவரால் சொல்ல முடியாது. எந்தக் குறுவட்டத்தில் (சில வருவாய்க் கிராமங்கள் சேர்ந்தது) எந்தப் பயிர் எந்தப் பருவத்தில் நிற்கிறது என்பது அவர் மேசையில் இல்லை. உங்கள் மேசையில் இருக்கிறது. உதவி வேளாண் அலுவலர் வாரா வாரம் அனுப்புகிறார்.

ஆனால் நடப்பது என்ன? மையத்திலிருந்து வரும் படத்தை உங்கள் அலுவலகம் வட்டாட்சியருக்கு அனுப்பும், அவர் விஏஓக்கு, விஏஓ ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு. ஒவ்வொரு கையும் அதை அப்படியே கடத்தும், ஒரு சொல்லும் கூட்டாது. ஒருமுறை எங்கள் குழுவில் சிவப்பு எச்சரிக்கைப் படம் ஒன்று காலை பத்து மணிக்கு வந்தது. தேதியைப் பார்த்தால் முந்தைய நாளுடையது. வெளியே நல்ல வெயில். "ரெட் அலர்ட்ல துணி நல்லா காயுது" என்று ஒருவர் போட, கீழே முப்பது சிரிப்புப் பொம்மை. அடுத்த முறை உண்மையாகவே சிவப்பு வரும்போது அந்த முப்பது பேரும் முதலில் சிரிக்கத்தான் போகிறார்கள்.

மீனவர்களைப் பாருங்கள். அவர்களுக்குப் போகும் எச்சரிக்கை வினைச்சொல்லில் முடிகிறது: கடலுக்குப் போகாதீர்கள், போனவர்கள் இந்தத் தேதிக்குள் கரை திரும்புங்கள். எந்தக் கடல் பகுதி, எந்த நாள் வரை, காற்று எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கும். அக்கரைப்பேட்டையில் அதை வாசித்தவர்கள் யாரும் "அப்படின்னா என்ன?" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. உழவருக்குப் போகும் செய்தி மட்டும் ஒரு பெயர்ச்சொல்லோடும் நிறத்தோடும் நின்றுவிடுகிறது: "ஓரிரு இடங்களில் கன முதல் மிகக் கனமழை." இந்த 'ஓரிரு இடங்களில்' என்ற சொற்றொடரை என் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பேன் தெரியவில்லை. அதைப் படித்துவிட்டு எந்த ஊரும் தன்னை அந்த ஓரிரு இடங்களில் ஒன்றாக நினைத்துக்கொண்டதில்லை.

முகநூலிலும் யூடியூபிலும் மழை சொல்லும் பிள்ளைகளை எங்கள் துறையில் சிலருக்குப் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். தப்பும் சொல்கிறார்கள், மிகையும் உண்டு. ஆனால் "இன்னும் ஒரு மணி நேரத்துல திருவாரூர்ல கொட்டப் போகுது, துணிய எடுங்க" என்கிறார்கள். ஊர்ப் பெயரும் இருக்கிறது, வினையும் இருக்கிறது.

நான் கேட்பது இதுதான். எங்களிடமிருந்து வரும் நிறத்தோடு உங்கள் மாவட்டம் ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும். பருவத்தையும் மண்ணையும் தெரிந்த வரி, ஏதாவது செய்யச் சொல்லும் வரி. "யூரியா இன்று போடாதீர்கள், நாளை மழையில் கரைந்து ஓடிவிடும்." "வரப்பை இன்றே வெட்டித் தண்ணீரை இறக்கி வையுங்கள்." "அறுக்கத் தயாரான வயலை நாளை மாலைக்குள் அறுத்துவிடுங்கள், முடியாதவர்கள் மூன்று நாள் தள்ளிப் போடுங்கள்." "மாட்டைத் தென்னந்தோப்பில் கட்டாதீர்கள். காற்று நின்றாலும் வெளியே வராதீர்கள், எதிர்த் திசையிலிருந்து மறுபடி அடிக்கும்." இந்தக் கடைசி வரி 2018-இல் தம்பி கைக்குப் போயிருந்தால்... அதை விடுங்கள்.

தை, மாசியில் நிறமே இல்லாத நாளிலும் இந்த வரி வர வேண்டும். 2 செ.மீ. மழைக்கு வாய்ப்பு என்று மையம் சொன்னால், அது கொள்முதல் நிலையங்களுக்குச் சிவப்பு. அன்றே மூட்டைகளை ஏற்ற லாரி போக வேண்டும், தார்ப்பாய் போக வேண்டும், முறைக்குக் காத்திருப்பவர்களிடம் குவியலை மேட்டுக்கு மாற்றச் சொல்ல வேண்டும். மூன்று நாள் முன்கணிப்பு இந்த அளவு மழைக்கு இப்போது நன்றாகவே கைகொடுக்கிறது. அதைப் பயன்படுத்த ஆள் இல்லை.

வடிகால் பற்றியும் சொல்ல வேண்டும். கீழ் டெல்டாவில் மழையைவிட மழை வடிவதுதான் பேச்சு. எங்கள் பக்கத்து ஆற்றில் கடைமடை இயக்கு அணைக்கு ஒரு லஸ்கர், அதாவது ஷட்டரைத் திறந்து மூடும் ஊழியர், இருக்கிறார். ஷட்டரின் பல்சக்கரத்தில் கிரீஸ் தடவிக்கொண்டே ஒருநாள் என்னிடம் கேட்டார்: "மழை எப்ப ஆரம்பிக்கும்னு எல்லாரும் சொல்றீங்கம்மா. எப்ப விடும்னு யாரும் சொல்றதில்லையே?" என் பணிக்காலத்தில் மந்திரி, செயலாளர், நிருபர் எல்லாரும் கேட்டதைவிட நல்ல கேள்வி இது. அவருக்குத் தேவை எத்தனை செ.மீ. என்பதல்ல. அமாவாசை, பௌர்ணமிக்குக் கடல் ஏற்றமாக இருக்கும், வடிகால் தண்ணீரைக் கடல் வாங்காது, திறந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே வரும். ஏற்றம் வற்றும் அந்தச் சில மணி நேரத்தில்தான் ஷட்டரைத் தூக்க முடியும். மழை எந்த நேரத்தில் விடும் என்று தெரிந்தால் எந்த வற்றத்துக்குத் தூக்குவது என்று அவர் முடிவு செய்துகொள்வார். மேட்டூரிலிருந்து உபரி வந்துகொண்டிருந்தால் அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். மழை அளவு ஓரிடம், கடல் ஏற்றம் ஓரிடம், ஆற்று நீர் ஓரிடம் என மூன்று காகிதம் மூன்று துறையில் கிடக்கிறது. மூன்றையும் ஒன்றாகப் பார்ப்பவர் அந்தக் கிரீஸ் கைக்காரர் ஒருவர்தான், அதுவும் மனக்கணக்கில். கூட, வெங்காயத்தாமரை அடைத்த வடிகால் இருக்கவே இருக்கிறது. அதைப் பற்றி நீங்கள் குறைதீர் கூட்டத்தில் மாதா மாதம் கேட்கிறீர்கள், நான் வேறு சொல்ல வேண்டியதில்லை.

புரட்டாசியில் நீங்கள் நடத்தும் பருவமழை முன்னெச்சரிக்கைக் கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். மணல் மூட்டை இத்தனை, சவுக்குக் கட்டை இத்தனை, ஜேசிபி இத்தனை, மரம் அறுக்கும் எந்திரம் இத்தனை என்று வாசிப்பார்கள். தேவைதான். அதே கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, குறுவட்டத்துக்கு ஒரு தாள் தயாரிக்கச் சொல்லுங்கள். உதவி வேளாண் அலுவலர், விஏஓ, லஸ்கர், இரண்டு விவசாயிகள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும், உட்கார்ந்து எழுதட்டும்: எந்த மாதம், எந்தப் பயிர், எந்தப் பருவம், எவ்வளவு மழைக்கு எந்த வயல் முதலில் மூழ்கும், எத்தனை நாளில் வடியும். மையத்திலிருந்து செய்தி வந்ததும் அந்தத் தாளைப் பார்த்து வரியை எழுதிவிடலாம். இதற்குப் புதிய செயலி வேண்டாம். தயவுசெய்து புதிய செயலி வேண்டாம்.

விடுமுறை விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். டெல்டாவுக்கு வெளியே ஒரு மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி காலை ஐந்தரைக்குக் கூப்பிடுவார். "மேடம், ஒரே வார்த்தையில சொல்லுங்க. லீவு விடலாமா, வேண்டாமா?" பத்தில் ஆறு வாய்ப்பு என்பேன். "அப்ப நாலு?" என்பார். அவர் கேட்டதில் தப்பில்லை. அவர் முடிவெடுக்க வேண்டும், பத்துக்கு ஆறு என்று பள்ளிக்கு விடுமுறை விட முடியாது. ஆனால் விடுமுறை விட்ட நாளில் வெயில் அடித்தால் பழி முழுக்க எங்கள் தலையில் விழும், அதற்கு அடுத்த வாரம் ஆறு என்று சொல்ல வேண்டிய இடத்தில் என் குழுவில் இளையவர்கள் ஐந்து என்றுகூட எழுதத் தயங்குவார்கள். நான் கண்ணால் பார்த்தேன். உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்: விடுமுறை வீணாகும் நாட்களில் "வாய்ப்பு இவ்வளவு இருந்தது, அதனால் விட்டோம், திரும்பவும் இப்படியே செய்வோம்" என்று நீங்களே முன்வந்து ஒருமுறை சொல்லுங்கள். மீம் போடுகிறவர்கள் போடட்டும்.

2024 நவம்பர் கடைசி வாரத்தில் ஃபெஞ்சல் நம் கடற்கரைக்கு எதிரே நாள்கணக்கில் தயங்கி நின்று, டெல்டாவை நனைத்து, கடைசியில் புதுச்சேரிக்குப் பக்கத்தில் போய்க் கரையேறியபோது, எங்கள் தெருவில் என்னை மடக்கி "என்னங்க உங்க ஆளுங்க?" என்று கேட்டார்கள். மெதுவாக நகரும் அமைப்பைக் கணிப்பதுதான் எங்களுக்கு இருப்பதிலேயே கடினம் என்று விளக்கினேன். பாதிப் பேர் ஒப்புக்கொண்டார்கள். மீதிப் பேர் டீயை மட்டும் ஒப்புக்கொண்டார்கள்.

தம்பி தோப்பில் மறுபடி தென்னை வைத்திருக்கிறான். நெட்டை ரகம், இப்போதுதான் ஒன்றிரண்டு பாளை விடுகிறது. ஓரத்தில் மாட்டுக்குக் கான்கிரீட் கூரையில் ஒரு கொட்டகை போட்டிருக்கிறான். மழைக் காலத்தில் டிவியை நம்பாமல் எனக்கே போன் செய்கிறான், இப்போது நானும் இருபது நொடியில் வைப்பதில்லை. ஆனால் வானிலை மையத்தில் அக்கா இல்லாத தம்பிகள் உங்கள் நான்கு மாவட்டத்தில் இருக்கிறார்கள்.

முதல் தாளை எழுத எந்தக் குறுவட்டம் முன்வந்தாலும் சொல்லியனுப்புங்கள். திருத்துறைப்பூண்டியிலிருந்து பேருந்தில் வந்துவிடுவேன். சம்பளம் வேண்டாம், மதியச் சாப்பாடு போதும். என் நோட்டையும் கொண்டுவருகிறேன், எங்கள் ஊரில் எந்த மழை எத்தனை நாள் நின்றது என்று மூன்று பருவத்துக்கு அதில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வானிலையாளர் ஒருத்தி,
திருத்துறைப்பூண்டி வட்டம்